கேட்டுக்கு வெளியே காய்ச்சிய பால்

சொந்த வீடு வாங்குவதன் லாபத்தைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசக்கூடியவன் வாடகை வீட்டில் இருப்பவன்தான். அவனுக்கு இன்னும் எதுவும் நடந்திருக்காது. இருபத்தொன்பது வயதில் நான் அவ்வளவு தெளிவாக இருந்தேன்.

அப்போது ஹட்டன் டவுனில், ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில், ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் கொண்ட இடத்தில் குடியிருந்தேன். ஒரு தமிழ் நாளிதழுக்குப் பிரதேசச் செய்தியாளர். மண்சரிவு, பஸ் விபத்து, சம்பளப் போராட்டம், குளவிக்கொட்டு ஆகிய நான்கும் என் துறைகள். (குளவிக்கொட்டுக்கு ஒரே செய்தியைத்தான் வைத்திருந்தேன். தோட்டத்தின் பெயரையும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றுவேன்.) ஒரு வாரம் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் காலியாகக் கிடந்தது. குடும்பப் பொருளாதாரம் பற்றி ஏதாவது எழுதும்படி ஆசிரியர் சொன்னார். என்னிடம் குடும்பமும் இல்லை, பொருளாதாரமும் இல்லை. எழுதினேன்.

தலைப்பு: ‘வாடகை - மாதாமாதம் கரையும் பணம்’. வாடகை கொடுப்பவன் இருபது வருடம் கழித்தும் வெறுங்கையோடு நிற்பான். கடன் கட்டுபவன் ஒரு வீட்டோடு நிற்பான். வாடகை ஏறிக்கொண்டே போகும். கடன் தவணை ஒரு நாள் முடியும். வீட்டின் பெறுமதி கூடும்; வாடகை ரசீதின் பெறுமதி கூடாது. கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். கீழே ஒரு கட்டத்துக்குள், வீடு வாங்குமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளைக் கொடுத்திருந்தேன். காணி உறுதிப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? கூரை ஒழுகுமா? தண்ணீர் வருமா? மண் சரியுமா? வங்கி கடன் தருமா? ஐந்தும் நல்ல கேள்விகள். இன்றைக்கும் ஒன்றைக்கூட நீக்கமாட்டேன்.

அந்தக் கட்டுரையை வாசகர்களுக்காக மட்டும் நான் எழுதவில்லை. என் அப்பாவும் அம்மாவும் தங்கை தேவியும் வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையான லயத்துக் காம்பராவில் இருந்தார்கள். லயத்துக்கு வாடகை கிடையாது. அதனால் அது இலவசம் என்று வெளியாட்கள் நினைப்பதுண்டு. அதற்கு ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும். எங்கள் தோட்டத்து வழக்கப்படி, குடும்பத்தில் ஒருவருடைய பெயராவது வேலைக்குப் பதிந்திருக்கும்வரைதான் காம்பரா. பெயர் இல்லாத குடும்பத்தின் காம்பராவுக்குப் பின்னால் ஏற்கெனவே நான்கு குடும்பங்கள் வரிசையில் நிற்கும்.

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். அம்மா ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. மிச்சம் தேவி. உயர்தரப் பரீட்சை பாஸ் செய்துவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் கோருவார்கள் என்று காத்திருந்தாள். அவளுடைய பாடம் புவியியல். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை லயத்துப் பக்கம் வரும்போதெல்லாம் வாசலில் நின்று அம்மாவிடம் கேட்பார்: “என்னா மாரியாயி, மகளுக்குக் கூடை வாங்கியாச்சா?” அவர் கெட்டவர் இல்லை. ஞாபகப்படுத்துவது அவருடைய வேலை.

கட்டுரை வெளியான ஞாயிறு, நான் பத்திரிகையோடு வீட்டுக்குப் போய் அறிவித்தேன்: “தேவி கொழுந்து எடுக்க மலைக்குப் போக மாட்டா. அம்மா வேலைய விட்டு நிக்கிறதுக்குள்ள நான் சொந்த வீடு வாங்கிருவேன்.”

“எத வச்சு?” என்றார் அப்பா.

கட்டுரையை நீட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி, கட்டத்துக்குள் இருந்ததையும் விடாமல் படித்து முடித்தார். “இதுல காசு எங்கருந்து வருதுன்னு போடலயே” என்றார். (எங்கள் குடும்பத்தில் உண்மையான பத்திரிகையாளர் யார் என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.)

காசு அப்பாவிடமிருந்துதான் வந்தது. அவருடைய சேமலாப நிதிப் பணம், முப்பத்தெட்டு வருடம் தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி பிடித்ததன் மிச்சம், வங்கியில் கிடந்தது. அது போதாது. மீதிக்குக் கடன் வாங்குவது என்று முடிவாயிற்று. இனி வீடுதான் வேண்டும்.

அதுவும் தானாகவே வந்தது. நான் குடியிருந்த கட்டடத்துக்கும் கீழே இருந்த கடைக்கும் சொந்தக்காரர் சண்முகம் முதலாளி. அறுபது வயது, நெற்றியில் கலையாத விபூதி, யாரையும் ஒருமையில் பேசாதவர். மாதத்தின் முதல் வாரம் வாடகை கொடுக்கப் போனபோது, அவருடைய மேசையில் என் கட்டுரை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“தம்பி, ரெண்டு தடவ படிச்சேங்க. அவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கே வெக்கமாப் போச்சு.”

“ஏங்க முதலாளி?”

“உங்ககிட்ட இத்தன நாளா வாடகை வாங்கிட்டேனே!” என்றபடி அந்த மாத வாடகையை எண்ணி மேசை லாச்சிக்குள் போட்டார். பிறகு லாச்சியை மூடிவிட்டுச் சொன்னார்: “வட்டகொடப் பக்கம் ரோட்டோரமா நம்ம காணி ஒன்னு கெடக்கு. உள்ள ஒரு வீடு இருக்கு. உங்களுக்குன்னா வெலைய கொறைச்சுக்கலாம்.”

விலை அந்தப் பக்கத்து விலையைவிட நிஜமாகவே குறைவாக இருந்தது. நான் பேரம் பேசி இன்னும் கொஞ்சம் குறைத்தேன். முதலாளி பெருமூச்சு விட்டு ஒத்துக்கொண்டார். என் எழுத்தின் வலிமையைப் பற்றி அன்றிரவு எனக்கு ஒரு கருத்து உருவாயிற்று. அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

வீட்டை நான்கு தடவை போய்ப் பார்த்தேன். பிரதான வீதியிலிருந்து நாற்பது அடி உள்ளே. நல்ல சீமெந்து போட்ட பாதை, இரண்டு பக்கமும் முதலாளியின் லீக்ஸ் பாத்தி. வீட்டுக்கு மேற்கே ரயில் தண்டவாளம். கிழக்கே இன்னொருவருடைய மதில். பின்னால் இருபது அடி உயரத்துக்குச் செங்குத்தான மண்மேடு, அதற்கு மேலே தோட்டத்துத் தேயிலை. கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். கூரையில் ஏறி நான்கு வாளி தண்ணீர் ஊற்றினேன். சுவரைச் சாவியால் கீறிப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பிடித்தேன். மேட்டில் மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா என்று, மண்சரிவுச் செய்தி எழுதுபவனுக்குரிய நிபுணத்துவத்தோடு, அரை மணி நேரம் நின்று பார்த்தேன்.

மூன்றாவது தடவை அப்பாவும் வந்தார். அவர் கூரையைப் பார்க்கவில்லை, குழாயையும் பார்க்கவில்லை. முன்கதவைத் திறந்து உள்ளே போய், பின்கதவால் வெளியே வந்து, மறுபடி சுற்றி முன்கதவுக்கு வந்தார். “ரெண்டு கதவு” என்றார். லயத்துக் காம்பராவுக்கு ஒன்றுதான்.

திரும்பும்போது, நல்ல மனநிலையில் இருந்த நான் முதலாளியைப் பாராட்டினேன்: “பாதை நல்லாருக்குங்களே.”

“ஆமாங்க தம்பி, நான் போட்டதுதான்” என்றார் அவர்.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரு பொய்யும் சொல்லவில்லை. செய்தியாளன் என்ற முறையில் அதை நான் பதிவு செய்தாக வேண்டும்.

கடனை இரண்டு விதமாக எடுக்கலாம் என்று வங்கியில் சொன்னார்கள். வீட்டை ஈடு வைத்தால் வட்டி குறைவு. ஆனால் வங்கியின் லோயர் வந்து காணியைப் பார்க்க வேண்டும், இரண்டு மூன்று மாதம் ஆகும். சம்பளத்தின் மேல் எடுத்தால் வட்டி கூட, ஒரு வாரத்தில் கிடைக்கும். இதை முதலாளியிடம் சொன்னேன். “ஆற அமர எடுங்க தம்பி. இன்னொருத்தர் கேட்டுக்கிட்டிருக்காருதான், நான் பேசிச் சமாளிக்கிறேன்” என்றார். நான் சம்பளத்தின் மேல் எடுத்தேன். ஐந்தாவது கேள்வி: வங்கி கடன் தருமா? தந்தது.

பத்திரம் எழுதும் நொத்தாரிசு உறுதியின் நகலை முன்கூட்டியே படிக்கத் தந்தார். நான் அதை அச்சுக்குப் போகும் பக்கம் போல வரிவரியாகப் படித்தேன். அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு பிழை. இரண்டையும் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். எல்லைகளைக் குறிக்கும் பகுதியில் ‘தெற்கு: விற்பவருக்குச் சொந்தமான மீதிக் காணி’ என்று இருந்தது. எழுத்துப் பிழை எதுவும் இல்லாததால் அதற்கு ஒரு சரி போட்டேன்.

கையெழுத்துப் போடும் நாளில் நொத்தாரிசு தலையை நிமிர்த்திக் கேட்டார்: “பாதை சம்பந்தமா ஏதும் எழுதணுமா தம்பி?”

“பாதை இருக்குங்க ஐயா. நான் நாலு தடவ நடந்து பாத்திருக்கேன்.”

முதலாளி சுவரில் தொங்கிய கலண்டரை ஆர்வமாகப் படித்துக்கொண்டிருந்தார். நொத்தாரிசு அவரையும் என்னையும் பார்த்துவிட்டு, பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தார்.

பால் காய்ச்ச ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தோம். காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். லீக்ஸ் ஏற்றும் லொறி ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். அதில் லயத்து ஆட்கள் முப்பது பேர், ஓர் அலுமாரி, குத்துவிளக்கு, சாமிப் படம், புதுப் பானை. அப்பா கோட் போட்டிருந்தார். இரண்டு கதவுச் சாவிகளையும் ஒரு சிவப்பு நூலில் கட்டிக் கையிலேயே வைத்திருந்தார். தேவியின் மடியில் என் கட்டுரை, கண்ணாடிச் சட்டம் போட்டு. முன்னறையில் மாட்டுவதற்காக நானே சட்டம் போட்டிருந்தேன். (ஆமாம், நானேதான். யாரும் சொல்லவில்லை.)

வீதியோரத்தில் லொறி நின்றது. பாதையின் வாயில், போன வாரம் வரை ஒன்றுமில்லாத இடத்தில், ஓர் இரும்புக் கேட் இருந்தது. பச்சைப் பெயின்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை. கேட்டில் பூட்டு. கேட்டுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் கதிரையில், முதலாளியின் கடையில் சீமெந்து மூட்டை இறக்கும் மூக்கையா அண்ணன், குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்.

“என்னாண்ணே, இங்க?”

“முதலாளி உக்காரச் சொன்னாருங்க தம்பி.”

“கேட்டத் தொறங்க. நல்ல நேரம் போகுது.”

“சாவி எங்கிட்ட இல்லைங்க. முதலாளி போன் நம்பர்தான் இருக்கு.”

அந்த நம்பர் என்னிடமும் இருந்தது. அழைத்தேன். முதலாளிக்கும் எனக்கும் உள்ள நெருக்கத்தை லயத்து ஆட்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“தம்பி! வாழ்த்துக்கள். பால் காய்ச்சியாச்சுங்களா?”

“முதலாளி, கேட் பூட்டியிருக்கு.”

“ஆமாங்க. நம்ம காணிக்கு நாம கேட் போட்டுக்கிட்டோம்.”

“அப்ப நாங்க எப்படிங்க வீட்டுக்குப் போறது?”

“நானும் அதத்தான் ரெண்டு நாளா யோசிக்கிறேன். மாசம் ஒரு தொகைன்னு வச்சு, வருசா வருசம் ஒரு கடுதாசி எழுதிக்குவோம். உங்க பழைய வாடகைல பாதி போதும். கூடக் கேக்க எனக்கு மனசு வராது.”

“வாடகையா முதலாளி?”

“ஐயையோ, வாடகைன்னு சொல்லாதீங்க. அது கரையுற காசுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. பாதைப் பணம்னு வச்சுக்குவோம்.”

முப்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரை எப்படி அணைப்பது என்பது என் விரலுக்கு மறந்துபோயிற்று. கடைசியில் தேவிதான் போனை வாங்கி அணைத்தாள்.

முதலில் பேசியவர் மாமா, அம்மாவின் தம்பி. லயத்தில் சங்கத் தலைவர். தோட்டத்துத் துரையோடு நேருக்கு நேர் வாதாடிப் பெயரெடுத்தவர். “மாப்ள, அப்ப பாதைய வாங்கலயா?”

“பாதைய யாராச்சும் வாங்குவாங்களா மாமா?”

மாமா திரும்பினார். மற்றவர்களைப் பார்த்தார். முப்பது பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அந்த மௌனத்தைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். நான் கவனமில்லாதவன் இல்லை. அடையாள அட்டை இலக்கத்தில் ஓர் இலக்கம் மாறியதைக் கண்டுபிடித்தவன். ஆனால் நான் லயத்தில் பிறந்தவன். நாங்கள் நான்கு தலைமுறையாக இன்னொருவன் காணியில் நடந்தவர்கள். மலைக்குப் போகும் பாதை, தண்ணீர்ப் பீலிக்குப் போகும் பாதை, கோயிலுக்குப் போகும் பாதை, சுடுகாட்டுக்குப் போகும் பாதை எல்லாம் தோட்டத்துடையவை. அதில் நடக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் நாங்கள் நடந்தால்தான் அவர்களுக்குக் கொழுந்து. சுவர் எங்களுடையது இல்லை, கூரை எங்களுடையது இல்லை என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் சுவரையும் கூரையையும் பற்றி ஆயிரம் கேள்வி கேட்போம். கால் வைக்கும் இடத்துக்கும் ஒரு சொந்தக்காரன் இருப்பான் என்பது மட்டும் எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. டவுனில் கடை வைத்தவருக்கு அது தெரியும். எங்களுக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். விலை ஏன் குறைந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அப்பா கேட்டுக்குப் பக்கத்தில் போய், கம்பிகளுக்கு இடையே வீட்டைப் பார்த்தார். கையில் சாவி இருந்தது.

“தொரைமாருங்ககூட இப்படிப் பண்ணதில்லயேடா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு விவரத்தைச் சரிபார்ப்பது போலச் சொன்னார்.

மணி பத்தேகால் ஆகிவிட்டது. நல்ல நேரம் முடியக் கால் மணி நேரம். மதிலேறிக் குதிக்கலாம் என்றார் ஒருவர். தண்டவாளம் வழியாகச் சுற்றலாம் என்றார் இன்னொருவர். கேட்டைக் கழற்றி லொறியில் ஏற்றலாம் என்றார் மாமா. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். வீதியோரத்தில் மூன்று கல்லை எடுத்துப் போட்டார். லொறியிலிருந்த விறகை இறக்கச் சொன்னார். பானையை வைத்து, பாலை ஊற்றி, பற்றவைத்தார்.

“என்னம்மா பண்றீங்க?” என்றேன்.

“நாள் குறிச்சாச்சுல்ல. பால் எங்க பொங்குனா என்ன?”

பனிக்கு விறகு புகைந்தது. தலவாக்கலைப் பஸ் ஒன்று வளைவில் வந்து, புகையைப் பார்த்து வேகம் குறைத்தது. கண்டக்டர் தலையை நீட்டினார். “என்னம்மா, புதுக் கடையா?” பஸ் நின்றேவிட்டது. ஒரு பெரியவர் பையோடு இறங்கி வந்து, அடுப்புக்கு முன்னால் நின்று, “பால் டீ எவ்வளவுங்க?” என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, “காசு வேணாம். இது எங்க வீட்டு விசேஷம்” என்றார். பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வீதி, லொறி, அலுமாரி, பூட்டிய கேட். அந்த நேரத்தில் பால் பொங்கியது. லயத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். பெரியவருக்கு முதல் டம்ளர் போயிற்று. மூக்கையா அண்ணனுக்கு இரண்டாவது டம்ளர், கேட்டுக் கம்பிக்கு இடையே. அவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். “நல்லாருங்க” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. புகையாகவும் இருக்கலாம்.

மறுநாள் ஒரு லோயரைப் பார்த்தேன். வழி இல்லாத காணிக்கு வழி கேட்டு வழக்குப் போடலாம், கட்டாயம் ஜெயிக்கும் என்றார். எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டேன். “உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?” என்றார். இல்லை என்றேன். “உங்க புள்ளைங்க அந்தப் பாதைல ஜம்முன்னு நடந்து போவாங்க.”

முதலாளி நீட்டிய கடுதாசியில் கையெழுத்துப் போட்டேன். கேட்டின் சாவி ஒன்று கிடைத்தது. ஹட்டன் அறையைக் காலி செய்து வீட்டுக்குள் போனேன், தனியாக. அப்பா வர மறுத்துவிட்டார்.

“அவன் வருசா வருசம் கடுதாசி எழுதுவான். ஒரு வருசம் எழுதலன்னா?”

“வழக்குப் போடுவோம்ப்பா.”

“அதுவரைக்கும் எங்க நிக்கிறது? லயத்த விட்டு எறங்கிட்டா திரும்ப உள்ள விடமாட்டாங்க.”

கட்டுரையின் ஐந்து கேள்விகளில் இது இல்லை. காம்பராவைக் கைவிட முடியாது. காம்பரா வேண்டுமானால் ஒரு பெயர் வேண்டும். அம்மா வேலையை விட்டு நின்ற மறுவாரம் தேவி பெயர் பதிந்தாள். “பாதை விஷயம் முடியிற வரைக்குந்தான்ணே” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். முதல் நாள் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, அவள் போனபோது, கணக்கப்பிள்ளை தலையைக் குனிந்தபடி பெயரை எழுதிக்கொண்டாராம். ஆசிரியர் பயிற்சிக்கான விண்ணப்பம் அந்த வருடக் கடைசியில் வந்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகைக்கு அனுப்பியது நான்தான். தேவி விண்ணப்பிக்கவில்லை. போனால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

எங்கள் தொழிலில் பிழை விட்டால் திருத்தம் போட வேண்டும். ‘மேற்படி கட்டுரையில் ஆறாவது கேள்வி விடுபட்டுவிட்டது: வீட்டுக்குப் போகும் பாதை யாருடையது? தவறுக்கு வருந்துகிறோம்’ என்று எழுதி அனுப்பினேன். ஆசிரியர் போன் செய்தார். “யாராவது புகார் பண்ணினாங்களா?” இல்லை என்றேன். “அப்ப எதுக்கு?” என்றார்.

ஏழு வருடம் ஆயிற்று. கடன் முடிய இன்னும் மூன்று வருடம். பாதைப் பணம் நான்கு தடவை ஏறியிருக்கிறது; இப்போது என் பழைய மாடி அறையின் வாடகையைத் தாண்டிவிட்டது. யாராவது கேட்டால், வாடகையைவிடச் சொந்த வீடுதான் லாபம் என்று இன்றைக்கும் சொல்கிறேன். கணக்கு மாறவில்லை. அந்தக் கட்டுரையில் நான் எழுதிய ஒரு வரியும் தவறில்லை என்பதுதான் எரிச்சல். கண்ணாடிச் சட்டத்தில் இப்போது முருகன் இருக்கிறார். அம்மா கட்டுரையை உருவிவிட்டுப் படத்தை வைத்தார். “சட்டம் நல்லா இருந்துச்சு” என்று காரணம் சொன்னார்.

லயத்தில் ஒரு கேள்வி வழக்கமாகிவிட்டது. யாராவது புதிதாக எதையாவது வாங்கினால், அது போனாக இருந்தாலும் பசு மாடாக இருந்தாலும், “பாதை இருக்கா?” என்று கேட்கிறார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், ஜாதகத்தை விரிப்பதற்கு முன் மாமா அதைக் கேட்டார். பெண் வீட்டாருக்குப் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் அத்தனை பேரும் சிரித்தார்கள். (கல்யாணம் நடந்தது. அவள் வந்த முதல் நாள், கேட்டைத் திறக்கும்போது முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது.)

போன மாதம் தோட்டத்தில் வீட்டுத் திட்டம் ஒன்று வந்தது. வேலைக்குப் பெயர் பதிந்த குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியும் ஒரு வீடும். முதல் பட்டியலில் தேவியின் பெயர் இருந்தது. (வீடு வாங்கப் புறப்பட்ட நான் அவளுக்கு ஒரு வீடு தரவில்லை. வேண்டாம் என்று நாங்கள் ஓடிய செக்ரோல், அந்த வேலைப் பெயர்ப் பதிவேடு, தருகிறது.) இடத்தைக் காட்ட ஓர் அதிகாரி வந்தார். செய்தி எழுதும் சாக்கில் நானும் போயிருந்தேன். அப்பா, அம்மா, மாமா, லயத்து ஆட்கள் எல்லாரும் மேட்டில் கூடி நின்றார்கள். அதிகாரி வரைபடத்தை ஜீப்பின் மேல் விரித்து, ஒவ்வொரு காணியாக விரலால் தொட்டுக் காட்டினார். தேவி கூடையை முதுகில் இருந்து இறக்காமலே குனிந்து வரைபடத்தைப் பார்த்தாள். வடக்கு எது என்று முதலில் கண்டுபிடித்தாள். பிறகு கோடுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தாள்.

“சார், என்னோட காணிக்குப் பாதை எங்கங்க?”

பின்னால் சிரிப்புக் கிளம்பியது. மாமா என் முதுகில் தட்டினார். அதிகாரி சிரிப்பவர்களைப் பார்த்துவிட்டு, தேவியைப் பார்த்தார்.

“இதுவரைக்கும் யாரும் கேக்கலயேம்மா.”

“எங்க வீட்டுல ஒருத்தர் கேக்காம விட்டாருங்க சார்” என்றாள் தேவி. “அதுக்குத்தான் நான் ஏழு வருசமா கொழுந்து எடுக்கிறேன்.”

எல்லாரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிக்காமல் அங்கே நிற்க முடியாது. தேவி மட்டும் சிரிக்கவில்லை, வரைபடத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. அதிகாரி அதை நேராகப் பார்த்தார், பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார், பிறகு தலைகீழாகத் திருப்பி மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார்.